கிராம சபை: ஊரின் பொதுப்பேரவை

நமது சங்கத்தின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் பொதுப்பேரவைக் கூட்டம் இன்னதென்று நன்கு அறிவார். அங்கே ஆண்டின் வரவு செலவு படிக்கப்படும். தணிக்கை அறிக்கை முன்வைக்கப்படும். நூல் கொள்முதலில் நட்டம் ஏன் வந்தது, பயிர்க்கடன் ஏன் தாமதமாயிற்று என்று கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரும் எழுந்து கேட்கலாம். நிர்வாகிகள் அதற்கு விடை கூறியாக வேண்டும். ஆனால் தாம் குடியிருக்கும் ஊருக்கும் இத்தகையதொரு பேரவை சட்டப்படி உண்டு என்பதை அதே அங்கத்தினர் பல வேளைகளில் மறந்துவிடுகிறார். அதுதான் கிராம சபை. அது எப்படி இயங்குகிறது, அதனால் நமக்கு ஆகக்கூடியது என்ன, ஆகாதது என்ன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாளையத்திலிருந்து பஞ்சாயத்துக்கு

ஏழாயிரம்பண்ணை ஒரு காலத்தில் பாளையமாக விளங்கிய ஊர். ஊர்க்காவலும் வரியும் அன்று பாளையக்காரரின் கையில் இருந்தன. 1799ஆம் ஆண்டுப் பாஞ்சாலங்குறிச்சிப் போரை அடுத்துக் கும்பினியார் பறிமுதல் செய்த பாளையங்களுள் இதுவும் ஒன்று. அதன்பின் இப்பகுதி திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்திருந்தது. 1910இல் இராமநாதபுரம் ஜில்லா அமைந்தபோது சாத்தூர் தாலுகா அதனுடன் இணைந்தது. 1985இல் விருதுநகர் மாவட்டம் பிறந்தது. பின்னர் வெம்பக்கோட்டை தனி வட்டமாயிற்று. ஆட்சியின் தலைநகர் மாறிக்கொண்டே வந்தது; கரிசல் காட்டு ஊர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஊராரின் குரலுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்ததோ வெகு காலத்திற்குப் பின்னர்தான்.

சென்னை மாநிலத்தில் 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டம் நிறைவேறியது. அப்பொழுது முதலமைச்சராக இருந்த காமராஜர் 1957இலும் 1962இலும் சாத்தூர்த் தொகுதியிலிருந்தே சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது நம் பகுதியினர் நினைவிற்கொள்ளத்தக்கது. அச்சட்டத்தின்படி ஜில்லா போர்டுகள் மறைந்து பஞ்சாயத்து யூனியன்கள் தோன்றின. இன்றும் முதியோர் ‘யூனியன் பள்ளிக்கூடம்’ என்று கூறுவது அக்காலத்தின் எச்சமே.

எனினும் தேர்தல் ஒழுங்காக நடைபெறவில்லை. 1970இல் நடந்த தேர்தலுக்குப் பின் அடுத்த தேர்தல் 1986இல்தான் வந்தது; அதன்பின் மீண்டும் 1996 வரை காத்திருக்க நேர்ந்தது. இந்நிலையை மாற்றும் பொருட்டே அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் இடஒதுக்கீடு, கிராம சபை ஆகியவற்றை அது உறுதி செய்தது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. பெண்களுக்கு 50 விழுக்காடு இடங்கள் என்று 2016இல் செய்யப்பட்ட திருத்தம் 2019ஆம் ஆண்டுத் தேர்தலில் நடைமுறை கண்டது.

யார் அங்கத்தினர்?

சங்கத்தில் சேரப் பங்குத்தொகை கட்ட வேண்டும். கிராம சபைக்கு அதுவும் வேண்டியதில்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் அங்கத்தினரே. ஆண்டுக்கு ஆறு நாட்களில் சபை கூட வேண்டும் என்பது 2022 முதல் உள்ள ஏற்பாடு. ஜனவரி 26 குடியரசு தினம், மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், மே 1 தொழிலாளர் தினம், ஆகஸ்ட் 15 சுதந்திர தினம், அக்டோபர் 2 காந்தி ஜயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சி தினம் என்பன அந்நாட்கள். கூட்டத்திற்கு ஏழு நாட்களுக்கு முன்னரே அறிவிப்புச் செய்தல் வேண்டும்.

சபைக்குக் குறைவெண் வரம்பும் உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 501 முதல் 3,000 வரை 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை 200 பேரும், அதற்கு மேற்பட்டால் 300 பேரும் வந்திருத்தல் வேண்டும். ஆட்கள் வராத கூட்டத்தில் வீடு வீடாகப் புத்தகத்தை எடுத்துச் சென்று கையொப்பம் வாங்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. அப்படிப் போடப்படும் ஒவ்வொரு கையொப்பமும், நாம் படித்தறியாத தீர்மானத்திற்கு நாம் கொடுக்கும் சம்மதம் என்பதை மறத்தலாகாது.

எந்தக் கதவைத் தட்டுவது?

குறையை உரிய இடத்தில் சொல்லாததால்தான் பாதி மனுக்கள் வீணாகின்றன. ஊராட்சிச் செயலரிடம் பட்டா மாறுதல் கேட்பாரும், கிராம நிர்வாக அலுவலரிடம் தெருவிளக்குக் கேட்பாரும் இன்றும் உளர். ஆகவே பொறுப்புகளைப் பிரித்து அறிதல் நலம்.

தெருக்கள், சிறு பாலங்கள், தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய், துப்புரவு, குடிநீர், பொதுக் கழிப்பிடம், சுடுகாடு, இடுகாடு ஆகியவை கிராம ஊராட்சி கட்டாயம் கவனிக்க வேண்டியவை. மரம் நடுதல், சந்தை, படிப்பகம், விளையாட்டிடம் போன்றவை ஊராட்சி தன் வசதிக்கேற்பச் செய்யக்கூடியவை.

பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவை வருவாய்த் துறையைச் சார்ந்தவை. பரம்பரைக் கணக்கர், முன்சீப் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டபின் அவ்வேலை கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தது. ஊரில் நிகழும் பிறப்பு இறப்புகளை 21 நாட்களுக்குள் பதிவு செய்வதும் அவரிடமே. நிலக் கணக்கில் உள்ள பிழைகளுக்கு ஆண்டுதோறும் நடைபெறும் ஜமாபந்தியே சிறந்த தருணம்.

உழவர்க்கு முக்கியமானது கண்மாய். 40 எக்டேருக்கு உட்பட்ட ஆயக்கட்டுள்ள சிறு பாசனக் கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளன. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. ஒன்றியக் கண்மாயின் மடை பழுதுக்கு நீர்வளத் துறைக்கு எழுதினால் அது சுற்றிச் சுற்றி வருமேயன்றி மடை அடைபடாது. கண்மாயில் வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி வழங்கலாம் என்ற வசதி 2024இல் வந்துள்ளது. கரிசல் மண்ணில் மானாவாரி பருத்தியும் சோளமும் விதைப்போருக்கு இது சிறிய உதவியன்று.

கைத்தறி நெசவாளருக்குரிய மின்சலுகை, காப்பீடு முதலியன கைத்தறித் துறையின் வழி வருவன. அவற்றுக்கு நமது சங்கமே வாயில். ஆயினும் தறி உள்ள வீட்டுக்குத் தண்ணீர் வருவதும், மழை நாளில் தறிக்குழியில் தெருச் சாக்கடை புகாதிருப்பதும் ஊராட்சியின் வேலையைப் பொறுத்தவையே.

பட்டாசுத் தொழிற்சாலையின் உரிமம் ஊராட்சி வழங்குவதன்று. சிறு அளவில் செய்ய மாவட்ட நிர்வாகமும், அதற்கு மேல் நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனமும் உரிமம் தருகின்றன. தொழிலாளர் பாதுகாப்பைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் கண்காணிக்கிறது. 2021 பிப்ரவரி 12ஆம் நாள் ஏழாயிரம்பண்ணைக்கு அருகே அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரம் இப்பகுதியில் யாருக்கும் மறக்கக்கூடியதன்று. உரிமத்தை நிறுத்தும் அதிகாரம் கிராம சபைக்கு இல்லை. ஆனால் ஊருக்குள் வீடுகளில் திரி முறுக்குவதையோ, உரிமமின்றிக் கொட்டகையில் மருந்து கலப்பதையோ சுட்டிக்காட்டி, ஆய்வு செய்யுமாறு மாவட்ட ஆட்சியருக்குத் தீர்மானம் அனுப்பச் சபைக்கு வாய் உண்டு. தனி ஒருவர் எழுதினால் அது பகையாகக் கருதப்படும். ஊரே எழுதினால் அது எச்சரிக்கையாகும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் முதலியன ஊராட்சியின் சொந்த வருவாய். மாநில நிதிக்குழு மானியமும் மத்திய நிதிக்குழு மானியமும் மேலிருந்து வருவன. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்குமென்றே ஒதுக்கியது. எஞ்சிய 40 விழுக்காடு ஊரின் பிற தேவைகளுக்குரியது. ஆகவே ‘பணமே இல்லை’ என்ற விடையைக் கேட்டவுடன் எழுந்து வந்துவிடாமல், ‘எந்தக் கணக்கில் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று?’ என்று பணிவுடன் கேட்டறிதல் அங்கத்தினரின் உரிமை.

கணக்குக் கேட்பது நம் நாட்டில் புதிதன்று. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியவராகார் என்பது அங்குள்ள விதிகளுள் ஒன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டிய விதியை இன்று தாளில் கேட்பதற்கு நாம் கூச வேண்டியதில்லை.

தலைவர் இல்லாத காலம்

விருதுநகர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாளுடன் முடிவுற்றது. அதன்பின் நிர்வாகம் தனி அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இதற்கு முன்னரும் 2016 அக்டோபர் முதல் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இந்நிலை நீடித்தது. அப்பொழுது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்ற காரணத்தால் மத்திய நிதிக்குழு மானியம் தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. தேர்தல் தள்ளிப்போவதால் வரும் இழப்பு வேட்பாளருக்கு மட்டுமன்று, குழாயடியில் குடத்துடன் நிற்பவருக்குமே என்பதை இது தெளிவாக்குகிறது.

தனி அலுவலர் கடமை தவறுவார் என்று கூறுவது நமது கருத்தன்று. ஒரே அலுவலர் ஒன்றியத்தின் பல ஊராட்சிகளைக் கவனிக்க வேண்டியிருக்கும்பொழுது, மேலத்தெரு மின்கம்பம் சாய்ந்ததை அவர் தாமாக அறிய வழியில்லை. தலைவர் நாற்காலி காலியாக இருக்கலாம். கிராம சபை காலியாவதில்லை. வாக்காளர் பட்டியல் உள்ளவரை அதுவும் உண்டு. ஆகவே தலைவர் இருக்கும் காலத்தைவிட இல்லாத காலத்தில்தான் சபைக்குச் செல்வது மிகவும் அவசியம்.

தீர்மானம் எழுதும் முறை

‘ஊருக்குக் குடிநீர் வசதி செய்து தர வேண்டும்’ என்ற தீர்மானம் எந்த ஊருக்கும் பொருந்தும். அதனாலேயே எந்த ஊருக்கும் பயன்படாது. ‘கீழத்தெருவில் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் பள்ளிக்கூடத்தின் எதிரே உடைந்து இரண்டு மாதமாயிற்று, இருபது வீடுகளுக்குத் தண்ணீர் இல்லை, இதனை ஊராட்சி பொது நிதியிலிருந்து பழுது பார்க்க வேண்டும்’ என்று எழுதினால், படிக்கும் அலுவலருக்கு இடமும் வேலையும் பொறுப்பும் ஒருங்கே விளங்கும்.

பின்வருவனவற்றை மனத்திற்கொள்ளல் வேண்டும். சொல்ல வேண்டியதை முன்னரே ஒரு தாளில் எழுதிச் செல்க. வாயால் கூறியது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று அங்கேயே படிக்கக் கேட்டபின் கையொப்பமிடுக. வேறு துறையைச் சார்ந்த குறையாயின் எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதச் செய்க. அடுத்த கூட்டத்தில் முதற்கேள்வியாகச் சென்ற தீர்மானத்தின் கதி என்னவென்று வினவுக. தீர்மானத்தின் நகல் கிட்டவில்லையெனில் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் விடை வர வேண்டும். மாவட்ட ஆட்சியரகத்தில் திங்கட்கிழமை நடைபெறும் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுப்போர் தீர்மான நகலையும் இணைத்தால் மனுவின் எடை கூடும்.

இவ்வளவும் செய்தால் ஒரே கூட்டத்தில் ஊர் திருந்திவிடும் என்று நாம் கூறவில்லை. நமது சங்கமும் ஒரே பேரவையில் வளரவில்லை. கேட்டவர் கேட்டுக்கொண்டே இருந்தனர். கணக்குக் காட்டுவோர் அடுத்த முறை ஆயத்தமாக வந்தனர். அதனால் ஒழுங்கு பிறந்தது. ஊராட்சிக்கும் வழி அதுவே. அடுத்த கிராம சபை நாளன்று தறியை ஒரு வேளை நிறுத்திவிட்டும், களையெடுப்பை ஒரு நாள் தள்ளிவைத்தும், வீட்டுப் பெண்களையும் உடன் அழைத்துக்கொண்டும் அங்கத்தினர்கள் சென்று அமர்வார்களாக. நாம் வாராத கூட்டத்தில் நமக்காகப் பேசுவார் ஒருவரும் இலர்.