சும்மா இருக்கும் லேப்டாப் ஏன் சார்ஜைக் குடிக்கிறது? போடி மலைச்சரிவில் ஒரு பேட்டரி கணக்கு!

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டினால் ஏலத்தோட்டங்கள். பருவமழையில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால், கரன்ட் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால், ஏலக்காய் வியாபாரம் கரன்ட்டை நம்பித்தான் ஓடுகிறது. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏலம் 2007-லேயே மின்னணு முறைக்கு மாறிவிட்டது. போடியிலும், மலைக்கு அந்தப்பக்கம் புற்றடியிலும் வியாபாரிகள் கணினி முன் அமர்ந்துதான் விலை கேட்கிறார்கள். கூலிக் கணக்கையும் காயின் எடையையும் லேப்டாப்பில் வைத்திருக்கும் தோட்டக்காரருக்கு, காலையில் 100 சதவிகிதம் காட்டிய சார்ஜ் யாரும் தொடாமலேயே மதியத்துக்குள் 30-க்கு இறங்கினால் அன்றைய வேலை அம்போ!

‘பேட்டரி போயிடுச்சு’ என்று புதிது வாங்கக் கிளம்புவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. 50 வாட்-மணி பேட்டரி உள்ள லேப்டாப், சும்மா இருக்கும்போது 5 வாட் எடுத்தால் 10 மணி நேரம் தாங்கும். அதுவே 12.5 வாட் எடுத்தால் 4 மணி நேரம்தான். பேட்டரி அதேதான். வித்தியாசம் முழுக்க அந்த ‘சும்மா’வில் இருக்கிறது.

புராசஸர் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது மெதுவாக ஓடி அல்ல, தூங்கி. வேலை இல்லாத ஒவ்வொரு நொடித்துணுக்கிலும் அது தன் பாகங்களை ஒவ்வொன்றாக அணைக்கும். இந்தத் தூக்க நிலைகளை ‘சி-ஸ்டேட்’ என்பார்கள். சி0 என்றால் விழிப்பு. எண் கூடக்கூட ஆழ்ந்த தூக்கம். இன்டெல் 2013-ல் ஹாஸ்வெல் புராசஸரின் மெல்லிய லேப்டாப் ரகத்தில் சி10 வரை கொண்டுவந்தது.

ஏலக்காய் உலர்த்தும் இடத்தில் ராத்திரி காவல் இருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து சூடு பார்த்துவிட்டுப் படுத்தால் அவர் தூங்கியதாக அர்த்தம். நிமிஷத்துக்கு ஒருமுறை யாராவது தட்டி எழுப்பினால்? வேலை ஒன்றும் பெரிதில்லை, ஆனால் தூக்கம் போச்சு. லேப்டாப்பிலும் இதேதான். விண்டோஸின் உள்கடிகாரம் வழக்கமாக 15.6 மில்லி நொடிக்கு ஒருமுறை தட்டும். ஏதோ ஒரு புரோகிராம் கேட்டால் அது 1 மில்லி நொடியாகிவிடும். டாஸ்க் மேனேஜரில் புராசஸர் வெறும் 2 சதவிகிதம்தான் வேலை செய்கிறது என்று காட்டும். ஆனாலும் சார்ஜ் இறங்கும். பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

அப்படியானால், எழுப்புவது யார்?

லேப்டாப்பை ஆன் செய்து பத்து நிமிடம் விடுங்கள். அப்டேட், வைரஸ் சோதனை எல்லாம் ஓய்ந்த பிறகுதான் உண்மை தெரியும். பிறகு கமாண்ட் பிராம்ப்டை ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ ஆகத் திறந்து, ‘பவர்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி எழுதி, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ‘எனர்ஜி’ என்று அடியுங்கள். 60 விநாடி கவனித்துவிட்டு, தூங்க மறுக்கும் யுஎஸ்பி கருவி, கடிகாரத்தை முடுக்கிய புரோகிராம் எனப் பெயரோடு ஓர் அறிக்கை தரும். இலவசம்தான், விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ‘பவர்டாப்’ இருக்கிறது.

செருகியே விட்ட கைரேகைக் கருவி, பில் பிரின்டர், பென் டிரைவ்... இவற்றில் ஒன்று அடம்பிடித்தாலும் மொத்த சிப்பும் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகாமல் நின்றுவிடும். ஒன்றைக் கழற்றிவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள், பிறகு அடுத்ததை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்கினால் குற்றவாளி யாரென்று கடைசிவரை தெரியாது.

மலைச்சரிவுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில், கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் புரோகிராம்கள் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். வேலை முடியும்வரை அவற்றை நிறுத்திவைப்பது, தேவையில்லாதபோது வைஃபையை அணைப்பது, இரண்டும் உடனே பலன் தரும்.

தனி கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில் வெளி மானிட்டரையும் கவனியுங்கள். சில மாடல்களில் ஹெச்டிஎம்ஐ துளை நேரே அந்தச் சிப்போடு இணைந்திருக்கும். ஒயர் இருக்கும்வரை அதுவும் விழித்திருக்கும். பவர் பிளான் ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என்றிருந்தால் ‘பேலன்ஸ்டு’க்கு மாற்றுங்கள். பெயரின் முடிவில் ‘ஹெச்எக்ஸ்’ என்றிருக்கும் கேமிங் புராசஸர் என்றால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்; அதன் பிறவிக்குணம் அது.

போடியில் மூடிப் பைக்குள் வைத்த லேப்டாப், போடிமெட்டில் எடுக்கும்போது சூடாக இருந்தால் அது வேறு கதை. இப்போதைய பல மாடல்கள் மூடியதும் பழைய லேப்டாப்போல முழுதாக அடங்குவதில்லை. செல்போன்போல அரைத்தூக்கத்தில் இருந்துகொண்டு மெயில், அப்டேட் என்று எழுந்துகொள்ளும். அதே கட்டளையில் ‘எனர்ஜி’க்குப் பதில் ‘ஸ்லீப்ஸ்டடி’ என்று அடித்தால், மூடியிருந்த நேரத்தில் எழுப்பியது எது என்று தெரியும். அதுவரை, கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், மூடியைச் சாத்தினால் ‘ஹைபர்னேட்’ ஆகும்படி மாற்றிவிடுங்கள். திறக்கும்போது சில விநாடி கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். சார்ஜ் கிட்டத்தட்ட வைத்தபடியே இருக்கும்.