பூனைக்கு ஒரு பட்டி

கூட வாழும் உயிர்கள் – 9

கொங்குத் தோட்டத்துப் பூனைக்கு யாரும் வேலி போட்டதில்லை. சோளமும் கம்பும் மூட்டை மூட்டையாகக் கிடந்த வீட்டில் எலி பிடிப்பது அதன் வேலை. பொழுது சாய்ந்ததும் கிடைக்கும் மோர்ச்சோறு அதன் கூலி. களத்துமேட்டிலிருந்து கட்டுத்தரை வரை எங்கே சுற்றினாலும் அது சொந்தத் தோட்டம்தான். அந்தத் தோட்டங்கள் இன்று சரவணம்பட்டியிலும் வடவள்ளியிலும் வீட்டுமனைகளாகிவிட்டன. பூனை மட்டும் பழைய நினைப்பிலேயே ரோட்டைக் கடக்கிறது.

போன வாரம் தடுப்பூசி பற்றிப் பார்த்தோம். அதைப் போட்டுவிட்டால் வெளியே விடலாமா என்பது அடுத்த கேள்வி. விடலாம், ஆனால் வேலிக்குள் விடுங்கள் என்பதே என் பதில்.

வெளியே காத்திருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். வாகனங்கள், தெருநாய்க் கூட்டம், விஷம் தின்ற எலி, கண்ணாடிவிரியன். மலையடிவாரக் குடியிருப்புகளில் சிறுத்தையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2022 ஜனவரியில் குனியமுத்தூரை ஒட்டிய பி.கே.புதூரில் ஒரு பழைய கிடங்குக்குள் சிறுத்தை புகுந்துகொண்டது. வனத்துறை வைத்த கூண்டில் அது சிக்கச் சில நாட்களாயின.

பூனையால் மற்ற உயிர்களுக்கு வரும் ஆபத்தும் சிறியதல்ல. அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகள் வரை கொல்கின்றன என்று 2013-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நம் வீட்டுத் தோட்டத்தில் அந்தக் கணக்கில் சேர்வது தவிட்டுக்குருவியும் தேன்சிட்டும். கூடவே அணிலும் ஓணானும் போகும். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில், 2022 ஜூலை 1 முதல் பிறந்த பூனைகளை வளர்ப்பவர் தம் எல்லைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

அதற்காக நாள் முழுக்க அறைக்குள் பூட்டினால் பூனை கொழுக்கும், சலிக்கும், சோபாவைக் கிழிக்கும். ஆகவே நடுவழி ஒன்று வேண்டும்: வீட்டை ஒட்டி, மேலேயும் பக்கங்களிலும் கம்பிவலை அடைத்த ஒரு முற்றம். வெளிநாடுகளில் இதைக் ‘கேட்டியோ’ என்கிறார்கள். “அடைச்சு வெச்சா பாவமுங்க” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பொழுது சாய்ந்ததும் வெள்ளாட்டைப் பட்டிக்குள் விட்டுப் படலைச் சாத்துகிறோம், அதைப் பாவம் என்று யாரும் சொன்னதில்லை.

பாவமாவது இடம் குறுகும்போதுதான். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எழுப்பிய குரலைத் தொடர்ந்து வந்தது 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். போதிய உயரம், நீளம், அகலம் இல்லாமல் நடமாட முடியாதபடி ஒரு விலங்கைக் கூண்டில் அடைப்பது அதன் 11-வது பிரிவின்படி குற்றம். கோழிக்கூண்டில் பூனையை அடைப்பதை வேலி என்று சொல்ல முடியாது. இரண்டு பூனைகளுக்குப் பத்தடி நீளம், ஆறடி அகலமாவது ஒதுக்குங்கள். உயரம் ஏழடி இருந்தால் நீங்களும் நிமிர்ந்து நின்று கூட்டிப் பெருக்கலாம்.

எந்தப் பக்கம்?

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றை நினைவில் வையுங்கள். மேற்குப் பக்கம் வீட்டுச் சுவரோ தடுப்போ இருக்கட்டும். கிழக்கே திறந்திருந்தால் காலை வெயில் உள்ளே விழும். பூனைக்கு அது போதும். கூரை முழுவதும் தகரம் போட்டால் சித்திரையில் உள்ளே நிற்க முடியாது. பாதிக்குத் தென்னங்கீற்றும் மீதிக்கு நிழல்வலையும் போடலாம். ஆனால் அவற்றுக்கு அடியில் கம்பிவலை கட்டாயம் இருக்க வேண்டும். ஐப்பசி மழைக்குத் தரை சற்றே சாய்வாக இருப்பது நல்லது.

எந்த வலை?

கோழிப்பண்ணைக்குப் பேர்போன பல்லடமும் நாமக்கல்லும் பக்கத்தில் இருப்பதால் நமக்கு வலைக்குப் பஞ்சமில்லை. பட்டறையில் அளவு சொன்னதும் “கோழிக்குங்களா, புறாவுக்குங்களா?” என்றுதான் கேட்பார்கள். பூனைக்கு என்பதை அழுத்திச் சொல்லுங்கள். அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும். நாயை வெளியே நிறுத்தாது. ஒரு அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ் வாங்குங்கள். இரண்டு அங்குலம் என்றால் குட்டி தலையை விட்டுச் சிக்கிக்கொள்ளும். அடியில் ஒன்றரை அடிக்குச் செங்கல் சுவர் எழுப்பிப் பூசிவிட்டால் பெருச்சாளி தோண்டாது, பாம்பு நுழைவதும் குறையும். சுவருக்கு மேல் இரண்டடிக்கு அரை அங்குல வலை இன்னும் நல்லது.

கதவு இரண்டு வையுங்கள். முதல் கதவைச் சாத்திய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். கட்டிய வேலியைப் பூனை தாண்டுவது அரிது. நாம் திறந்த கதவில் அது காலிடுக்கில் நழுவுவதுதான் வழக்கம்.

உள்ளே என்ன?

பூனைக்குத் தரையைவிட உயரம் முக்கியம். ஓரடி அகலப் பலகைகளைப் படிப்படியாகச் சுவரில் பொருத்துங்கள். ஒரு கம்பத்தில் பொள்ளாச்சித் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிவிட்டால் நகம் தீட்ட இடம் கிடைக்கும். ஒதுங்க ஒரு மரப்பெட்டி, மணல் தட்டு, நிழலில் தண்ணீர் ஆகியவையும் வேண்டும். சோற்றுக் கிண்ணத்தைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் எறும்பு ஏறாது.

செடியில் கவனம் தேவை. அறுகம்புல் வளரட்டும், மேயும். குப்பைமேனியும் இருக்கலாம்; அதைப் பிடுங்கி வேரைப் போட்டால் பூனை புரண்டு விளையாடும். கிறிஸ்துமஸ் தீவில் காட்டில் திரியும் பூனைகளை ஈர்க்க இந்த வேரை ஆராய்ந்திருக்கிறார்கள். அரளி, எருக்கு, லில்லி வேண்டாம். தாராபுரம், மூலனூர் வயல்களில் விளையும் கண்வலிக் கிழங்கும் வேண்டாம். நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கு அது, கொடிய விஷம். முற்றத்தில் சாணிப்பவுடரைக் கரைத்துத் தெளிக்கவும் கூடாது. பாதத்தில் ஒட்டும் சாயத்தைப் பூனை நக்கியே எடுக்கும்.

மாடி வீட்டுக்காரர்களுக்கு

பூனை எங்கிருந்து விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் பால்கனியைத் திறந்து போடாதீர்கள். நியூயார்க் மருத்துவமனை ஒன்றுக்கு மாடியிலிருந்து விழுந்து வந்த 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு 1987-ல் வெளியானது. சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன என்பது உண்மை. பெரும்பாலானவற்றுக்கு மார்பில் அடிபட்டிருந்தது என்பதும் உண்மை. புறாவுக்குக் கட்டும் நைலான் வலையைப் பூனை கடித்தே அறுத்துவிடும். அலுமினியச் சட்டத்தில் மெஷ் அடியுங்கள்; குடியிருப்போர் சங்கத்தின் அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

வேலி நாயைத் தடுக்கும், நோய்க்கிருமியைத் தடுக்காது. பூனைக் கழிச்சல் வைரஸ் நம் செருப்பிலேயே உள்ளே வரும். ஆகவே தடுப்பூசியும் கருத்தடையும் குடற்புழு மருந்தும் முற்றம் கட்டிய பிறகும் தொடர வேண்டும். வெளியே திரிந்து பழகிய பூனை முதலில் கத்தும். பசி நேரத்தில் உள்ளே விட்டு, அங்கேயே சோறு வையுங்கள். மெல்ல மெல்லப் பழகிவிடும்.

புதிதாகக் குட்டி எடுத்து வரப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் முற்றத்தைக் கட்டுங்கள், பிறகு குட்டியைக் கொண்டு வாருங்கள்.

(அடுத்த வாரம்: கோடையில் பூனைக்கு என்ன கொடுக்கலாம்?)