மெய்நிகர் இயந்திரங்களில் வலையமைப்புச் செயல்திறன்

மெய்நிகர் இயந்திரங்களில் வலையமைப்புச் செயல்திறன் என்பது, ஒரே கணினியின் வன்பொருளைப் பகிர்ந்துகொண்டு இயங்கும் மெய்நிகர் இயந்திரங்கள் எவ்வளவு விரைவாகவும், எவ்வளவு சீராகவும், எவ்வளவு குறைந்த செயலி உழைப்பிலும் தரவை அனுப்பிப் பெறுகின்றன என்பதைக் குறிக்கும். வங்கிச் சேவை, தேர்வு முடிவுத் தளம், காணொளி வகுப்பு, தொலைபேசிப் பரிமாற்றம் எனப் பல சேவைகள் இன்று மெய்நிகர் இயந்திரங்களிலேயே இயங்குகின்றன. இவற்றில் வேகம் குறையும்போது பலரும் முதலில் கம்பியையோ இணைய இணைப்பையோ குறை கூறுவர். ஆனால் குறை பல நேரங்களில் கணினிக்கு உள்ளேயே இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று அளந்து அறியாமல் கூடுதல் பட்டையகலம் வாங்கினால் பணம்தான் செலவாகும், குறை தீராது.

பொட்டலம் செல்லும் வழி

சாதாரணக் கணினியில் ஒரு செயலி நிரல் அனுப்பும் தரவு, இயங்குதளத்தின் கர்னல் வழியாக வலையட்டையை அடைந்து கம்பியில் ஏறுகிறது. மெய்நிகர் இயந்திரத்தில் வழி நீளமானது. விருந்தினர் இயங்குதளத்தின் கர்னல், அதன் மெய்நிகர் வலையட்டை, புரவலர் கணினியில் உள்ள மெய்நிகர் சுவிட்ச், புரவலரின் கர்னல் ஆகியவற்றைக் கடந்த பின்னரே பொட்டலம் உண்மையான வலையட்டையை அடையும். வரும் பொட்டலமும் இதே வழியில் திரும்ப வேண்டும்.

விருந்தினர் இயங்குதளம் தன் மெய்நிகர் வன்பொருளைத் தொடும்போது, செயலி விருந்தினரை விட்டு வெளியேறி ஹைப்பர்வைசரிடம் கட்டுப்பாட்டை ஒப்படைத்து, வேலை முடிந்ததும் திரும்புகிறது. இவ்வாறு ஒருமுறை சென்று திரும்ப ஆயிரத்துக்கும் மேற்பட்ட செயலிச் சுழற்சிகள் செலவாகும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் இப்படி வெளியேற நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு கணக்கால் அறியலாம்.

ஈதர்நெட்டில் மிகச்சிறிய சட்டகம் 64 பைட்டு. முன்னொட்டும் இடைவெளியும் சேர்த்துக் கம்பியில் அது 84 பைட்டு, அதாவது 672 பிட் இடத்தை எடுக்கும். 10 கிகாபிட் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 148.8 இலட்சம் பொட்டலங்கள் வரலாம். ஒரு பொட்டலத்துக்குக் கிடைக்கும் நேரம் 67.2 நானோநொடி. 3 கிகாஹெர்ட்சு செயலியில் இது சுமார் 200 சுழற்சி மட்டுமே. ஒருமுறை வெளியேறித் திரும்பவே இதைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் தேவை. மெய்நிகராக்கத்தில் வலையமைப்பை விரைவுபடுத்த எழுந்த முயற்சிகள் அனைத்துக்கும் அடிப்படை இந்த இடைவெளிதான்.

மெய்நிகர் வலையட்டையின் வகைகள்

முழுமையாகப் போலச்செய்தல்: உண்மையில் விற்பனைக்கு வந்த ஒரு வலையட்டையைப் போலவே மென்பொருள் நடிப்பது. இன்டெல் நிறுவனத்தின் இ1000 வகை, ரியல்டெக் 8139 ஆகியவை கியூஎமு மென்பொருளில் இவ்வாறு கிடைக்கின்றன. பழைய இயங்குதளங்களிலும் தனி இயக்கி நிறுவாமல் வேலை செய்வது இதன் நன்மை. அடிக்கடி வெளியேற வேண்டியிருப்பதால் வேகம் குறைவது இதன் குறை.

பகுதி மெய்நிகராக்கம்: தான் மெய்நிகர் இயந்திரத்தில் இருப்பதை விருந்தினர் அறிந்து, அதற்கென எழுதப்பட்ட இயக்கியைப் பயன்படுத்துவது. கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தில் உருவான சென் ஹைப்பர்வைசர் 2003ஆம் ஆண்டு ஆய்வுரையில் இம்முறையைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. ரஸ்டி ரஸல் உருவாக்கிய விர்ட்டியோ, 2008 ஜனவரியில் வெளியான லினக்சு 2.6.24 கர்னலில் இடம்பெற்றது. இதில் விருந்தினரும் புரவலரும் நினைவகத்தில் ஒரு வளைய வரிசையைப் பகிர்ந்துகொள்கின்றனர். பல பொட்டலங்களை வரிசையில் வைத்துவிட்டு ஒரே ஒரு முறை அறிவித்தால் போதும். மறுபக்கம் ஏற்கெனவே வேலையில் இருந்தால் அந்த அறிவிப்பும் தேவையில்லை. 2010இல் லினக்சு 2.6.34இல் வந்த விஹோஸ்ட்-நெட், இவ்வேலையைக் கியூஎமுவிலிருந்து புரவலரின் கர்னலுக்கு மாற்றி மேலும் விரைவாக்கியது. விஎம்வேரின் விஎம்எக்ஸ்நெட்3 அட்டையும் இவ்வகையைச் சேர்ந்ததே.

நேரடி ஒப்படைப்பு: உண்மையான அட்டையையோ அதன் ஒரு பகுதியையோ விருந்தினரிடமே கொடுத்துவிடுவது. 2007இல் வெளியான எஸ்.ஆர்.-ஐ.ஓ.வி. விவரக்குறிப்பு, ஒரு அட்டை தன்னைப் பல சிறு அட்டைகளாகக் காட்ட வழி செய்தது. பொட்டலங்கள் புரவலரின் மென்பொருளைத் தொடாமல் நேரே விருந்தினரின் நினைவகத்துக்குச் செல்லும். அமேசான் முகில் சேவை 2013இல் தன் மெய்நிகர் இயந்திரங்களில் இம்முறையைக் கொண்டுவந்தது.

அளக்க வேண்டியவை

வலையமைப்பின் தரத்தை ஒரே எண்ணால் கூறிவிட முடியாது. குறைந்தது ஐந்து அளவைகளைப் பார்க்க வேண்டும்.

1. தரவு வீதம்: நொடிக்கு எத்தனை பிட் பயனுள்ள தரவு சென்றது.
2. பொட்டல வீதம்: நொடிக்கு எத்தனை பொட்டலங்கள். பெயர்த் தீர்வு, தொலைபேசி போன்ற சிறு பொட்டலச் சேவைகளுக்கு இதுவே முதன்மையானது.
3. தாமதம்: ஒரு கேள்வி சென்று பதில் வர ஆகும் நேரமும் அதன் ஏற்ற இறக்கமும்.
4. இழப்பு: வழியில் கைவிடப்பட்ட பொட்டலங்கள்.
5. செயலிச் செலவு: இதே வேலைக்கு விருந்தினரும் புரவலரும் செலவிட்ட செயலி நேரம்.

ஐந்தாவது அளவை பெரும்பாலும் மறக்கப்படுகிறது. இரண்டு அமைப்புகளும் 10 கிகாபிட் தரலாம். ஆனால் ஒன்று ஒரு செயலிக் கருவை மட்டும் பயன்படுத்த, மற்றொன்று நான்கைப் பயன்படுத்தினால் இரண்டும் சமம் ஆகா.

தாமதத்தைச் சராசரியால் மட்டும் மதிப்பிடுவதும் தவறான முடிவைத் தரும். 100 கேள்விகளில் 99க்கு 1 மில்லிநொடியிலும் ஒன்றுக்கு 200 மில்லிநொடியிலும் பதில் வந்தால் சராசரி 2.99 மில்லிநொடி. இந்த எண் அந்த 99ஐயும் குறிக்கவில்லை, அந்த ஒன்றையும் குறிக்கவில்லை. ஒரு பக்கத்தைக் காட்ட இதுபோன்ற 20 கேள்விகள் தேவைப்பட்டால், அவற்றில் ஒன்றாவது தாமதமாக வரும் வாய்ப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு. எனவே இடைநிலை மதிப்பையும் 99ஆம் நூற்றுமானத்தையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம்.

எதிர்பார்க்கத்தக்க உச்சம்

அளப்பதற்கு முன் உச்ச வரம்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1500 பைட்டு கொண்ட ஈதர்நெட் பொட்டலம் கம்பியில் 1538 பைட்டு இடம் எடுக்கும். அதில் டி.சி.பி. நெறிமுறையின் பயனுள்ள தரவு, நேரமுத்திரையுடன் 1448 பைட்டு. ஆகவே 1 கிகாபிட் இணைப்பில் கிடைக்கக்கூடிய மிகுதியான வீதம் நொடிக்கு ஏறத்தாழ 941 மெகாபிட். மெய்நிகர் இயந்திரத்தில் 940 கிடைத்தால் அங்கே மேம்படுத்த ஒன்றும் இல்லை.

தொலைவும் வரம்பிடும். சென்று திரும்ப 20 மில்லிநொடி ஆகும் வழியில் 64 கிலோபைட்டு சாளரம் மட்டும் இருந்தால், கம்பி எவ்வளவு அகலமாக இருந்தாலும் ஓர் இணைப்பில் சுமார் 26 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்காது. அதே வழியில் 1 கிகாபிட்டை நிரப்பச் சாளரம் 2.5 மெகாபைட்டு இருக்க வேண்டும்.

விருந்தினர் இயங்குதளம் காட்டும் அட்டையின் வேகத்தை நம்பக்கூடாது. போலச்செய்த இ1000 அட்டை 1 கிகாபிட் என்று காட்டுவது பெயரளவில்தான். அங்கே கம்பி இல்லாததால் உண்மை வேகம் கூடவும் குறையவும் செய்யும்.

அளக்கும் முறை

தரவு வீதத்துக்கு ஐபெர்ஃப்3, கேள்வி-பதில் தாமதத்துக்கு நெட்பெர்ஃப், எளிய சோதனைக்குப் பிங் ஆகிய கருவிகள் பரவலாகப் பயன்படுகின்றன. ஐபெர்ஃப்3 கருவியை யூ.டி.பி. முறையில் வீதம் குறிப்பிடாமல் இயக்கினால் நொடிக்கு 1 மெகாபிட் மட்டுமே அனுப்பும். இதை அறியாதவர்கள் வலையமைப்பு பழுது என்று முடிவு செய்துவிடுவதுண்டு. மேலும் 2023இல் வந்த 3.16 பதிப்புக்கு முன்பு, எத்தனை இணைப்புகள் கேட்டாலும் அது ஒரே இழையில்தான் இயங்கியது. ஆகவே மிகு வேக இணைப்புகளில் வலையமைப்புக்குப் பதிலாகக் கருவியின் வரம்பே அளக்கப்படும் நிலை இருந்தது.

குறையின் இடத்தை அறிய நான்கு படிகளாக அளப்பது நல்லது.

1. புரவலரிலிருந்து மற்றொரு புரவலருக்கு. இது கம்பி, சுவிட்ச், வலையட்டை ஆகியவற்றின் நிலையைக் காட்டும்.
2. விருந்தினரிலிருந்து தன் புரவலருக்கு. இது மெய்நிகர் அட்டையின் நிலையைக் காட்டும்.
3. ஒரே புரவலரில் உள்ள இரு விருந்தினர்களுக்கு இடையே. இதில் பொட்டலம் கம்பியைத் தொடாது. எனவே உண்மை அட்டையின் வேகத்தை விஞ்சிய எண்ணும் வரலாம்.
4. வெவ்வேறு புரவலர்களில் உள்ள விருந்தினர்களுக்கு இடையே. பயனர் உணர்வது இதையே.

முதல் படி நன்றாகவும் இரண்டாம் படி மோசமாகவும் இருந்தால் கம்பியை மாற்றிப் பயனில்லை. ஒவ்வொரு படியையும் இரு திசைகளிலும், பல முறையும் அளக்க வேண்டும். டி.சி.பி. மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிப்பதால் முதல் சில நொடிகளைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. பல முகில் சேவைகள் சிறிய இயந்திரங்களுக்குச் சிறிது நேரம் மட்டும் மிகு வேகம் தந்து பின்னர் குறைத்துவிடும். ஆகையால் 10 நொடிச் சோதனை நாள் முழுவதற்கும் சான்றாகாது.

செயலிப் பகிர்வின் தாக்கம்

ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் அமேசான் முகில் சேவையின் மெய்நிகர் இயந்திரங்களை ஆராய்ந்தனர். செயலியைப் பிறருடன் பகிர்ந்துகொண்ட சிறிய இயந்திரங்களில், வலையமைப்பில் நெரிசல் மிகுதியாக இல்லாதபோதும், தரவு வீதம் மிகக் குறுகிய நேரத்தில் 1 கிகாபிட்டுக்கும் சுழியத்துக்கும் இடையே ஏறி இறங்கியதைக் கண்டனர்.

காரணம் எளிது. பொட்டலம் வந்து சேரும் நேரத்தில் விருந்தினருக்குச் செயலி முறை கிடைக்காவிட்டால், பொட்டலம் இடையகத்தில் காத்திருக்கும். இடையகம் நிரம்பினால் கைவிடப்படும். அனுப்புபவர் அதை நெரிசல் என்று எண்ணி வேகத்தைக் குறைப்பார். லினக்சில் டாப் கருவி காட்டும் களவு நேரம், விருந்தினர் செயலிக்காகக் காத்திருந்த நேரத்தின் விழுக்காடு ஆகும். வலையமைப்பு மெதுவாக உள்ளது என்ற புகார் வரும்போது முதலில் பார்க்க வேண்டிய எண்களில் இதுவும் ஒன்று.

மேம்படுத்தும் வழிகள்

* போலச்செய்த அட்டை இருந்தால் விர்ட்டியோ அல்லது அதற்கு ஈடான அட்டைக்கு மாறுதல். செலவின்றிப் பெரும் பயன் தரும் மாற்றம் பெரும்பாலும் இதுவே. விண்டோஸ் விருந்தினரில் இதற்கான இயக்கியைத் தனியே நிறுவ வேண்டும்.
* துண்டாக்கும் வேலையை அட்டையிடம் விடுதல். விருந்தினர் 64 கிலோபைட்டு வரையிலான ஒரே துண்டாகத் தரவைக் கொடுக்க, அட்டை அதை 45க்கும் மேற்பட்ட பொட்டலங்களாகப் பிரிக்கும். வழிநெடுகிலும் ஆகும் செலவு அதற்கேற்பக் குறையும்.
* பல வரிசைகளை இயக்குதல். ஒரே வரிசை என்றால் ஒரே செயலிக் கரு முழுச் சுமையையும் தாங்கும்.
* விருந்தினரின் செயலி, நினைவகம், வலையட்டை ஆகியவற்றை ஒரே நியூமா முனையில் அமைத்தல்.
* தன் கட்டுப்பாட்டில் உள்ள உள் வலையமைப்பில் 9000 பைட்டு பொட்டலங்களைப் பயன்படுத்துதல். இதனால் பயனுள்ள பங்கு 94 விழுக்காட்டிலிருந்து 99 விழுக்காடாக உயரும். அதைவிட, பொட்டல எண்ணிக்கை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைவதே பெரிய பயன்.
* இவை போதாதபோது நேரடி ஒப்படைப்பு அல்லது டி.பி.டி.கே. போன்ற தொடர் கண்காணிப்பு முறைக்குச் செல்லுதல்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து மீண்டும் அளக்க வேண்டும். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது பயன் தந்தது, எது கெடுத்தது என்று அறிய முடியாது.

பொட்டல அளவுப் பொருத்தமின்மை

வி.எக்ஸ்.லேன் போன்ற மேலடுக்கு வலையமைப்புகள் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 50 பைட்டு உறை சேர்க்கின்றன. கீழுள்ள வலையமைப்பு 1500 பைட்டு மட்டுமே ஏற்றால், விருந்தினரின் பொட்டல அளவு 1450ஆக இருக்க வேண்டும். அதை 1500 என்றே விட்டு, பெரிய பொட்டலம் செல்லாது என்று அறிவிக்கும் செய்தியையும் தீச்சுவர் தடுத்துவிட்டால் ஒரு விந்தையான குறை தோன்றும். பிங் வேலை செய்யும், இணைப்பு உருவாகும், ஆனால் பெரிய கோப்பு பாதியில் நின்றுவிடும். வேகக்குறைவு போல் தெரிந்தாலும் இது அமைப்புப் பிழையே.

ஈடு கொடுக்க வேண்டியவை

ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் ஒரு விலை உண்டு. குறுக்கீடுகளைச் சேர்த்து அனுப்பினால் தரவு வீதம் கூடும், ஆனால் தாமதமும் கூடும். கோப்புச் சேமிப்பகத்துக்கு அது நன்மை; தொலைபேசிச் சேவைக்குத் தீமை. தொடர் கண்காணிப்பு முறையில் பொட்டலம் வராதபோதும் செயலிக் கரு முழு வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். எஸ்.ஆர்.-ஐ.ஓ.வி. முறையில் பொட்டலங்கள் புரவலரின் மெய்நிகர் சுவிட்சைத் தவிர்ப்பதால், அங்கே எழுதி வைத்த தீச்சுவர் விதிகள் அவற்றுக்குப் பொருந்தா. இயங்கும் இயந்திரத்தை நிறுத்தாமல் வேறு புரவலருக்கு மாற்றுவதும் கடினமாகிறது. வேகத்துக்காக இவற்றைக் கைவிடலாமா என்பது, அந்த இயந்திரம் ஆற்றும் சேவையைப் பொறுத்தே முடிவு செய்யப்படுகிறது.