எலி சுமந்ததும் காற்று சுமந்ததும்

ஹாங்காங்கையும் பம்பாயையும் சூறையாடிவிட்டுக் கப்பலேறிய பிளேக் வியாதி, 1900-ஆம் ஆண்டு ஜனவரியில் சிட்னி நகரத்துத் துறைமுகத்தில் சரக்கு வண்டி ஓட்டிப் பிழைத்த ஓர் ஏழைத் தொழிலாளியைப் பற்றியபோது, அந்த நகரத்து ஜனங்கள் கொண்ட பீதிக்கு அளவில்லை. ஆகஸ்டு மாதத்துக்குள் அங்கே 303 பேர் நோயுற்று, 103 பேர் மாண்டனர்.

நோயாளியோடு அவன் குடும்பத்தாரையும் நார்த் ஹெட் முனையிலிருந்த தனிப்படுத்தும் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். துறைமுகத்தை ஒட்டிய ராக்ஸ் முதலான பகுதிகளில் தெருத் தெருவாக வழியடைத்து, வீடுகளைக் கழுவிச் சுண்ணாம்படித்து, சிலவற்றை இடித்தும் போட்டார்கள். சீனர்கள்மேல் பழி சுமத்தவும் பலர் தயங்கவில்லை. வியாதி வந்த வழி தெரியாதபோது, வியாதிக்காரனையோ அந்நியனையோ குற்றவாளியாக்குவது மனிதருக்கு எளிதாகிவிடுகிறது. அந்த அநியாயத்தை நாம் மறந்துவிடலாகாது.

அந்நாளில் நியூ சவுத் வேல்ஸ் சர்க்காரின் தலைமை மருத்துவ அதிகாரியாயிருந்த ஜான் ஆஷ்பர்ட்டன் தாம்ஸன், யார்மேல் குற்றம் என்று கேளாமல், எந்த வழியாக வந்தது என்று கேட்டார். நோயாளியின் படுக்கையருகே இருந்து பணிவிடை செய்தவர்களுக்கு நோய் தொற்றுவது அபூர்வமாயிருக்க, எலிகள் செத்து விழுந்த கிடங்குகளில் வேலை செய்தவர்களுக்கோ அது வந்ததைக் கண்ட அவர், எலிக்கும் மனிதனுக்கும் இடையே தூது செல்லும் ஒன்று இருந்தாக வேண்டும் என்று நிச்சயித்தார். அது எலியின் உடம்பில் வாழும் தெள்ளுப்பூச்சிதான் என்று 1898-இலேயே பிரெஞ்சு மருத்துவர் ஸிமோன் இந்தியாவில் ஆராய்ந்து சொல்லியிருந்தும், அதை நம்பினோர் சிலரே. தாம்ஸனும் அவருடைய சகாவாகிய நுண்ணுயிர் நிபுணர் ஃபிராங்க் டிட்ஸ்வெல்லும் சேகரித்த சான்றுகள் அந்தக் கொள்கைக்குப் பெரும் பலமாயின. எலி செத்து உடல் குளிர்ந்ததும் தெள்ளு வேறு இரத்தம் தேடிப் புறப்படுகிறது. அதன் குடல்வாயில் கிருமிகள் பெருகி அடைத்துக்கொள்வதால், எவ்வளவு குடித்தாலும் பசி தீராமல் மறுபடி மறுபடி கடித்து, உறிஞ்சிய இரத்தத்தைக் கிருமியோடு கடிவாயிலேயே கக்கிவிடுகிறது என்ற நுட்பம் 1914-இல்தான் தெளிவாயிற்று. சிட்னியின் சுத்திகரிப்பு வேலையில் 44,000-க்கும் மேற்பட்ட எலிகள் கொல்லப்பட்டன.

மரஞ்செடிகளுக்கு வரும் வியாதியும் இப்படியே தனக்கென ஒரு வாகனத்தைத் தேடிக்கொள்கிறது. பிரேசில் நாட்டுக் கொய்யாச் செடியில் 1884-இல் இனங்காணப்பட்ட, பூஞ்சையால் வரும் துருநோய் ஒன்று, 2010 ஏப்ரலில் சிட்னிக்கு வடக்கேயுள்ள கடலோரப் பகுதியில் தென்பட்டது. அதை வேரோடு களைய இயலாது என்று அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அதிகாரிகள் முயற்சியைக் கைவிட நேர்ந்தது. விரைவில் மெல்போர்ன் வட்டாரத்து நாற்றங்கால்களிலும் அது புகுந்தது. இலங்கையின் காப்பித் தோட்டங்களில் 1869-இல் தோன்றி அவற்றைப் பாழாக்கிய துருவும் இதன் உறவுப் பூஞ்சையே. நம் ஊர்க் கொய்யா, நாவல், கிராம்பு ஆகியவற்றோடு ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் மரங்களும் ஒரே குடும்பமாதலால், அந்தக் கண்டத்துக் காடுகளுக்கே இந்தக் கொய்யாத் துரு பேராபத்து.

இளந்தளிரின்மேல் முதலில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் எழும்பும். சில நாட்களில் அவை வெடித்து மஞ்சள் தூளாய்ப் பொலியும். இலை சுருண்டு கருகும். விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் அந்தத் தூளே பூஞ்சைக்கு விதை போன்ற வித்திகள். அவற்றைக் காற்று அள்ளிச் செல்கிறது. காட்டு வழியில் நடப்பவரின் சட்டையும், நாற்றேற்றிச் செல்லும் லாரியும் சுமந்து செல்கின்றன. ஈரம் தங்கிய இலையில் விழுந்தால் இரவோடிரவாக முளைத்துவிடுகின்றன. எலியைப் பிடித்ததுபோல் காற்றைப் பிடிக்க வழியில்லை. துளிர்க்கும்போதெல்லாம் தளிரும், பூக்கும்போதெல்லாம் மொட்டும் அழிவதால், அந்நாட்டுக் காட்டுக் கொய்யா மரங்கள் நின்ற இடத்திலேயே பட்டுப்போகின்றன. காய்ப்பதற்கும் வழியின்றிப் போவதால் விதை சேகரிப்பதே அரிதாகிவிட்டது. ஆகவே சிட்னிக்கருகில் மவுண்ட் ஆனன் தாவரவியல் தோட்டத்தில், எஞ்சிய மரங்களின் கிளைத் துண்டுகளைப் பதியன் போட்டு, நோயண்டாத இடத்தில் வளர்த்து வருகிறார்கள்.