ரோட்டா வைரஸ்: தள்ளிப்போடக் கூடாத சொட்டு மருந்து

கைக்குழந்தைக்கு வாந்தியும் தண்ணீராக வயிற்றுப்போக்கும் வந்தால், ‘பல் முளைக்குது, அப்படித்தான் போகும்’ என்பார்கள். இல்லாவிட்டால் ‘தொக்கம் எடுத்தால் சரியாகிடும்’ என்று தூக்கிக்கொண்டு போவார்கள். அப்படிக் கழிகிற அரை நாளில் குழந்தையின் உடல் வறண்டுவிடக் கூடும். தடுப்பு மருந்து வருவதற்கு முன், கடும் வயிற்றுப்போக்குடன் இந்திய மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்கு ரோட்டா வைரஸே காரணம்.

ஒருமுறை வந்தால் மறுபடி வராதா?

வரும். இந்த வைரஸின் மரபுப்பொருள் 11 துண்டுகளால் ஆனது. இரண்டு வகை வைரஸ்கள் ஒரே குழந்தையின் குடலில் சேர்ந்தால், துண்டுகள் இடம் மாறிப் புதிய கலவை உருவாகலாம். வெளிப்புறத்தில் உள்ள இரண்டு புரதங்களை வைத்து ஜி1பி8, ஜி2பி4, ஜி9பி8 என்று வகை பிரிக்கிறார்கள். எந்த வகை அதிகம் பரவுகிறது என்பது ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

வேலூரின் நெரிசலான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை மூன்று வயதுவரை கண்காணித்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். மூன்று முறை தொற்று கண்ட பிறகு, நடுத்தர, கடும் நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம். ஒரு வகை தொற்றினால் அதே வகைக்கு மட்டும் தனியாகக் காப்பு கிடைத்ததாகத் தெரியவில்லை. திரும்பத் திரும்ப எதிர்கொள்வதால்தான் எதிர்ப்பாற்றல் வளர்கிறது. அந்தப் பயிற்சியைக் குழந்தையின் உயிரைப் பணயம் வைக்காமல் கொடுப்பதுதான் தடுப்பு மருந்து.

உங்கள் உரிமை

ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து 2016இல் நான்கு மாநிலங்களில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கு 2017இல் வந்தது. 2019இல் நாடு முழுவதும் விரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் இலவசம். 6, 10, 14ஆவது வாரங்களில் வாய்வழியாகக் கொடுப்பார்கள். முதல் தவணையை ஒரு வயதுக்குள் கொடுத்தாக வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு, தடுப்பூசி அட்டையில் தேதியைப் பதிந்து வாங்குங்கள்.

சொட்டு மருந்து கொடுத்த பிறகும் வயிற்றுப்போக்கு வரலாம். அதற்கு வேறு கிருமிகளும் உண்டு. இந்த மருந்தின் வேலை, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு நோய் முற்றுவதைக் குறைப்பது. மிக அரிதாகக் குடல் செருகல் ஏற்படலாம். விட்டு விட்டு வீறிட்டு அழுதல், ஓயாத வாந்தி, மலத்தில் ரத்தம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வந்துவிட்டால்?

எந்த வகை வைரஸாக இருந்தாலும் முதல் மருந்து ஒன்றுதான்: உப்பு சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுவதும் கரையுங்கள்; பாதி பாக்கெட், கால் லிட்டர் என்று கணக்குப் போட வேண்டாம். கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஸ்பூனால் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். ஓ.ஆர்.எஸ். போல விற்கும் இனிப்புப் பானங்கள் பேதியை அதிகமாக்கும். உறையில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று இருக்கிறதா பாருங்கள்.

டாக்டர் சொல்லும் அளவில் துத்தநாக மாத்திரையை 14 நாள் முழுக்கக் கொடுங்கள். பேதி நின்றாலும் நிறுத்த வேண்டாம். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தக் கூடாது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. பெரியவர்களுக்கான பேதி நிறுத்தும் மாத்திரை குழந்தைக்கு ஆபத்து.

கண்கள் குழி விழுந்தால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், சிறுநீர் குறைந்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்பினால், குழந்தை துவண்டு குடிக்க மறுத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். 108ஐ அழையுங்கள், போகும் வழியிலும், குழந்தை விழுங்கும் நிலையில் இருந்தால், கரைசலை ஊட்டிக்கொண்டே போங்கள்.

வீட்டில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் இன்றே தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ரோட்டா வரிசையில் தேதி விடுபட்டிருந்தால் அடுத்த தடுப்பூசி நாளிலேயே கொடுத்துவிடுங்கள்.