காங்கோ நாட்டில் எபோலா ஆராய்ச்சி

நோய் தோன்றுவது ஒரு நாட்டிலும், அதனை ஆராய்வது மற்றொரு நாட்டிலுமாக ஆப்பிரிக்காவில் நெடுங்காலம் நிகழ்ந்து வந்தது. அந்நிலை சிறிது மாறிய வகையை எபோலா நோயின் வரலாறு விளக்கும்.

1976-ஆம் ஆண்டில், ஜயீர் என அப்போது வழங்கிய காங்கோ நாட்டின் வடபகுதியில், யாம்புக்கு என்னுஞ் சிற்றூரின் கத்தோலிக்க மிஷன் மருத்துவமனையைச் சுற்றி இனமறியாக் கொடுங்காய்ச்சல் ஒன்று பரவிற்று. 318 பேரைப் பற்றி 280 உயிரைக் கொண்டது. பெல்ஜியத்திற் பயின்று மீண்ட ழான் ழாக் முயெம்பே என்னும் காங்கோ நாட்டு மருத்துவர் ஆங்குச் சென்று, கையுறையுமின்றி நோயாளரிடம் குருதி எடுத்தார். ஊசி குத்திய இடத்தினின்று குருதி நில்லாது ஒழுகி அவர் விரல்களை நனைத்தது. சவர்க்காரமும் நீருமே அவருக்குக் காப்பாயின. நோயுற்ற கன்னிகாஸ்திரீ ஒருவரைத் தலைநகராகிய கின்ஷாசாவுக்கு அழைத்துச் சென்று, அவரது குருதியைப் பெல்ஜியத்துக்கு அனுப்புவித்தார். அதனை ஆராய்தற்கேற்ற கூடம் தம் நாட்டில் இல்லை. கிருமியை அயல்நாட்டுக் கூடங்கள் கண்டறிந்தன. புகழும் ஆங்கேயே தங்கிற்று. குருதி எடுத்தவர் பெயர் பல்லாண்டு மறைந்து கிடந்தது.

1995-இல் கிக்விட் நகரில் அந்நோய் எழுந்தபோது, பிழைத்தோர் குருதியை நோயாளர் எண்மருக்கு ஏற்றினர், எழுவர் பிழைத்தனர். குருதி ஏற்றப்பெறாதாரோடு ஒப்பிட்டு நோக்காமையின் அயல்நாட்டு அறிஞர் பலர் இதனை ஏற்றிலர். அவர் கூற்றுத் தவறன்று. எண்மரைக் கொண்டு ஒரு மருந்தின் ஆற்றலை நிறுவுதல் அரிது. ஆயினும் முயெம்பே அக்கருத்தைக் கைவிட்டிலர். பின்னாளில் கிக்விட்டிற் பிழைத்த ஒருவரது குருதியினின்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் துணையோடு நோயெதிர்ப்பொருள் ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது.

2018-இல் நாட்டின் கீழ்ப்பகுதியில் நோய் மீண்டும் பரவியது. போரும் பூசலும் நீங்காத அவ்விடத்திலேயே, முயெம்பே தலைமை தாங்கும் கின்ஷாசா ஆராய்ச்சிக் கழகம் அமெரிக்கரோடு கூடி அம்மருந்தையும் வேறு மூன்றையும் 681 நோயாளரிடம் சோதித்தது. எவர்க்கு எம்மருந்து என்பது திருவுளச்சீட்டு முறையால் வகுக்கப்பட்டது. 1995-இல் இல்லாத ஒப்பீடு இங்ஙனம் அமைந்தது. ஒப்பிடுதற்கு வைத்த மருந்தைப் பெற்றோரில் நூற்றுக்கு 50 பேர் இறக்க, கிக்விட் குருதியிற் பிறந்த மருந்தைப் பெற்றோரில் 35 பேர் இறந்தனர். 2020 டிசம்பரில் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது.

இக்கொள்ளைநோயில் எடுத்த குருதி நாட்டைவிட்டு வெளியே செல்லாது என்றும், ஆராய விரும்புவோர் கின்ஷாசாவுக்கே வரல் வேண்டும் என்றும் முயெம்பே 2019-இல் அறிவித்தார். இஃது அறிவைப் பூட்டி வைப்பதாகாதோ எனச் சிலர் வினவலாம். ஆகாது என்பதே என் கருத்து. வருவோர்க்கு வாயில் திறந்தே இருக்கின்றது, உடனிருந்து பணிபுரியும் காங்கோ மாணவரும் அத்தொழிலைக் கற்றுக்கொள்கின்றனர்.