எல்லா உழவருக்கும் எட்டும்படி சொல்வோம்
விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சி

புதிய நெல் இரகங்களையும் உர அளவுகளையும் பயிர்ப் பாதுகாப்பு முறைகளையும் உழவரிடம் கொண்டு சேர்ப்பது விரிவாக்கப் பணியாளரின் கடமையாகும். இதற்குத் துண்டுப்பிரசுரம், கூட்டம், செயல்விளக்கத் திடல், கைப்பேசிச் செய்தி எனப் பல வழிகள் கையாளப்படுகின்றன. ஆனால் பார்வையற்ற உழவருக்குத் துண்டுப்பிரசுரம் உதவாது. காது கேளாதவருக்குக் கூட்டம் உதவாது. நடக்க இயலாதவர் வரப்பு வழியே செயல்விளக்கத் திடலை அடைய முடியாது. இவர்களுக்கு நிலமும் உண்டு, உழைப்பும் உண்டு; செய்தி மட்டும் வந்து சேருவதில்லை. இக்குறையை நீக்கப் பணியாளர்களுக்கு அளிக்க வேண்டிய பயிற்சி பற்றி இங்குக் காண்போம்.

பயிற்சியின் தேவை

2011 ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களில் நூற்றுக்கு 69 பேர் கிராமங்களில் வாழ்பவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 11.8 இலட்சம் பேர் உள்ளனர். இவர்களைத் தவிர, முதுமையில் கண்புரையாலும் காது மந்தத்தாலும் அவதியுறும் உழவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு.

ஐக்கிய நாடுகள் சபை 2006 இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் 2007 இல் இந்தியா இணைந்தது. அதன் 9 ஆவது பிரிவு, அணுகும் வசதி குறித்துத் தொடர்புடையோருக்குப் பயிற்சி தரவேண்டும் என்கிறது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தன் 47 ஆவது பிரிவில், ஊராட்சி உறுப்பினர், ஊரக வளர்ச்சி அலுவலர் முதலியோரின் பயிற்சியிலும் கல்வியிலும் இதனைச் சேர்க்க வகை செய்துள்ளது. உழவரை நாள்தோறும் சந்திக்கும் வேளாண் பணியாளருக்கும் இப்பயிற்சி இன்றியமையாதது.

ஒரே செய்தி, மூன்று வழிகள்

1960-களில் ஆடுதுறை 27 நெல் இரகம் தஞ்சைப் பகுதியில் வானொலி நிகழ்ச்சிகள் வழியே பரவியது. அதனால் மக்கள் அதனை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். காதால் கேட்டே ஓர் இரகத்தை ஏற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு இது சான்று. ஒவ்வொரு பரிந்துரையையும் காதுக்கு ஒரு வழி, கண்ணுக்கு ஒரு வழி, கைக்கு ஒரு வழி என மூன்று வழிகளில் சொல்லப் பழகுவதே இப்பயிற்சியின் சாரம். சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

1. தழைச்சத்து இடுதல்: இலை வண்ண அட்டையைக் கொண்டு தழைச்சத்தின் தேவையை அறிகிறோம். இது முற்றிலும் நிறத்தைச் சார்ந்த முறை. பார்வையற்றவருக்கும் நிறவேறுபாடு அறிய இயலாதவருக்கும் இது பொருந்தாது. இவர்களுக்கு அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என நான்கு முறை பிரித்து இடும் பரிந்துரையை, நடவு நாளிலிருந்து நாள் கணக்காக்கிச் சொல்லலாம்.

2. நீர் பாய்ச்சுதல்: காய்ச்சலும் பாய்ச்சலுமான முறையில், துளையிட்ட 40 செ.மீ. நீளக் குழாயின் பாதியை வயலில் புதைத்து, உள்ளே உள்ள மண்ணை அகற்றி, நீர்மட்டம் பார்க்கிறோம். தரைக்குக் கீழே 15 செ.மீ. வரை நீர் இறங்கியதும் மீண்டும் பாய்ச்ச வேண்டும். இதனைக் கையாலேயே அறியலாம். உலர்ந்த மூங்கில் குச்சியில் அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் ஒரு வெட்டு இடவேண்டும். குச்சியைக் குழாயின் அடிவரை இறக்கி எடுத்து விரலால் தடவினால் போதும். ஈரம் வெட்டுக்கு மேல் ஏறவில்லையெனில் நீர் பாய்ச்சும் நேரம் வந்துவிட்டது. பூக்கும் பருவத்தில் மட்டும் வயலில் நீர் நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. பூச்சிக்கொல்லி லேபிள்: நச்சின் கடுமையை லேபிளில் உள்ள முக்கோணத்தின் நிறம் காட்டுகிறது. சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை எனக் கடுமை குறைகிறது. மற்ற விவரங்கள் யாவும் மிகச் சிறிய எழுத்தில் உள்ளன. இந்த நிறத்தை அறிய முடியாத உழவருக்கு ஆபத்து உயிர் வரை செல்லும். ஆகவே வாங்கும்போதே பெயர், அளவு, நச்சின் தன்மை, அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்கள் ஆகியவற்றை வாய்மொழியாகச் சொல்லி, அவர் கைப்பேசியில் குரல் பதிவாகவும் தரவேண்டும். புட்டியின் கழுத்தில் சணல் கயிறு கட்டி, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு இரண்டு, மஞ்சளுக்கு மூன்று, சிவப்புக்கு நான்கு என முடிச்சிடலாம். இம்முறையை வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். மருந்தை வேறு புட்டிக்கு மாற்றவே கூடாது.

காது கேளாத உழவருக்கு

உரக்கக் கத்துவதால் பயனில்லை. முகத்துக்கு நேரே நின்று, வாயை மறைக்காமல், செய்து காட்டி விளக்க வேண்டும். அளவுகளை எழுதிக் காட்ட வேண்டும். 2015 இல் புதுடெல்லியில் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட சைகை அகராதியை 2021 இல் வெளியிட்டது. வேளாண்மைச் சொற்களும் அதில் உள்ளன. விதை, உரம், நீர், நஞ்சு போன்ற சில சைகைகளையாவது பணியாளர் கற்றுக்கொள்வது நலம். உழவர் அழைப்பு மையம் (1800-180-1551) பார்வையற்றவருக்கு நல்ல துணை. காது கேளாதவருக்கு எழுத்துச் செய்திதான் உதவும்.

கைப்பேசிச் செய்தியில் கவனிக்க வேண்டியவை

கைப்பேசியில் எழுத்தைப் படித்துக் காட்டும் வசதி உள்ளது. ஆனால் அறிவிப்பைப் படம் பிடித்து அனுப்பினால் பெரும்பாலும் அது சரியாகப் படிக்காது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழையும் படிக்காது. எனவே செய்தியை ஒருங்குறி எழுத்தில் அனுப்பி, ஒரு நிமிடக் குரல் பதிவையும் சேர்க்க வேண்டும். அச்சிடும் பிரதிகளில் சிலவற்றை 18 புள்ளி எழுத்தில் தயாரித்தால் பார்வை குறைந்த முதியோருக்கும் பயன்படும்.

சிங்கப்பெருமாள் கோவிலில் பயிற்சி நடத்தினால்

செங்கல்பட்டு மாவட்டத்தில் சிங்கப்பெருமாள் கோவில் இதற்கு ஏற்ற இடம். இரயில் நிலையமும் பெருஞ்சாலைப் பேருந்து வசதியும் உள்ளதால் மாற்றுத்திறனாளிகள் வந்துபோவது எளிது. அருகே காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இதே மாவட்டத்தில் முட்டுக்காட்டில், 2005 இல் நிறுவப்பட்ட பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் உள்ளது. இவற்றின் வல்லுநர்களைத் துணைக்கு அழைக்கலாம். தரைத்தளக் கூடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படி இருந்தால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் அமைக்க வேண்டும்.

சம்பா பட்டத்துக்கு முன், ஆடி மாதத்தில், ஒரு நாள் போதும். காலையில் மாற்றுத்திறனாளி உழவர்களே ஆசிரியராக அமர்ந்து, தமக்கு எந்தச் செய்தி எங்கே தடைப்பட்டது என்று கூறட்டும். பணியாளர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்ப்பது இதற்கு ஈடாகாது. அதனால் இரக்கம் வருமே தவிர, வேலை கற்க முடியாது. மற்ற வல்லுநருக்குத் தருவது போல இவர்களுக்கும் மதிப்பூதியமும் பயணப்படியும் தரவேண்டும். பிற்பகலில் ஒவ்வொரு பணியாளரும் தாம் வழக்கமாகச் சொல்லும் ஒரு பரிந்துரையை, முதலில் எதையும் காட்டாமல் பேச்சால் மட்டும், பிறகு பேசாமல் செய்கையால் மட்டும் விளக்க வேண்டும். கேட்ட உழவர் அதைத் திருப்பிச் சொன்னால் அல்லது செய்து காட்டினால் தேர்ச்சி. இல்லையெனில் மீண்டும் முயல வேண்டும்.

மற்றொன்றையும் பழக வேண்டும். உழவருடன் மகனோ மனைவியோ வந்திருந்தாலும், பணியாளர் உழவரைப் பார்த்தே பேச வேண்டும். நிலம் அவருடையது, என்ன பயிரிடுவது என்ற முடிவும் அவருடையதே. செய்தி பிறர் வழியாகவே வருமானால் நாளடைவில் அம்முடிவும் அவர் கையை விட்டுப் போய்விடும்.

உழவர் பெருமக்கள் செய்ய வேண்டியது

தங்கள் ஊரில் இத்தகைய உழவர் இருப்பின் உதவி வேளாண்மை அலுவலரிடம் தெரிவியுங்கள். கூட்ட அறிவிப்பை அவருக்கு நேரில் சொல்லி அழைத்து வாருங்கள். இக்குறைபாடு தங்களுக்கே இருப்பின், பெரிய எழுத்து, குரல் பதிவு, செய்து காட்டுதல் ஆகியவற்றில் எது வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது உரிமை, அதற்கேற்பச் சொல்லக் கற்பது பணியாளரின் கடமை.